முதல் நாள் வண்டிக்கு, மறுநாள் நாட்டுக்கு: நியூசிலாந்தில் மோட்டார்ஹோம் பயணத்தைத் தொடங்கும் முறை

எங்கள் தண்டையார்பேட்டையில் கேரவன் என்று சொன்னால், படப்பிடிப்பில் நடிகர்கள் உட்காரும் வண்டி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒரு டிசம்பரில் நான், மனைவி, மகள், அம்மா ஆகிய நால்வரும் ஆக்லாந்தில் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம், அடுப்பும் படுக்கையும் கழிப்பறையும் அடக்கிய ஒரு பெரிய வேன், அவ்வளவுதான். அதில் பயணம் தொடங்குபவர் முதல் நாளில் நாட்டைப் பார்ப்பதில்லை, வண்டியைத்தான் பார்க்கிறார். இதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு திட்டமிட்டால், புதிய நாட்டைப் பற்றிய முதல் எண்ணம் கசந்து போகாது.

விமான நிலையத்திலிருந்தே கவனம் தேவை. உணவுப்பொருள், விதை, மண் ஒட்டிய காலணி ஆகியவற்றை நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் சிக்கினால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அம்மா எனக்குத் தெரியாமல் காசிமேட்டு வஞ்சிரக் கருவாட்டை நான்கு உறை போட்டுச் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். நல்லவேளையாக விமானத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். படிவத்தில் எழுதிக் கொடுத்ததால் கருவாடு மட்டும் போயிற்று, பணம் தப்பியது.

சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறிப் போய் இறங்கும் உடம்புக்கு, அங்கே விடியும்போது சென்னையில் இன்னும் முந்தைய நாள் இரவுதான். ஆகவே இறங்கிய அன்றே நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. வண்டியை எடுத்த இடத்துக்கு அருகிலேயே, மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க் (இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடம்) ஒன்றில் முதல் இரவுக்கு இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நமது ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லும். டீசல் வண்டியானால் கிலோமீட்டர் கணக்கில் தனியே சாலைக் கட்டணம் உண்டு என்பதால், அது வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று கையெழுத்திடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அந்த முதல் மாலையைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள். தன் தண்ணீரையும் கழிவையும் தானே சுமக்கும் வண்டி என்று காட்டும் தன்னிறைவுச் சான்றிதழ் பெற்ற வண்டியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் 3 நாட்களுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. 4 லிட்டர் என்பது நம் குடத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. லாரித் தண்ணீரைக் குடக்கணக்கில் பிடித்து வளர்ந்த வடசென்னைக்காரருக்கு இந்தச் சிக்கனத்தை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் தவறுவது கழிவுநீரில்தான். வீட்டில் கொட்டிய தண்ணீர் எங்கேயோ போய்விடும். இங்கே அது காலடியிலுள்ள தொட்டியிலேயே நிற்கும். அந்தத் தொட்டியில் முந்தைய வாடகைதாரரின் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. மனைவி சோறு வடித்த கஞ்சியைச் சிங்க்கில் ஊற்ற, சற்று நேரத்தில் அது குளியலறைத் தரையில் வெள்ளையாக, ஆவி பறக்க, இரண்டு பருக்கையோடு மேலே வந்தது. ஆகவே வாடகை வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போதே நல்ல தண்ணீர், கழிவுநீர் ஆகிய இரண்டு தொட்டிகளின் அளவுகாட்டியையும் பார்க்க வேண்டும். கழிவுகளைக் கொட்டுவதற்கென்று உள்ள இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். அங்கே அலசப் பயன்படும் குழாயிலிருந்து குடிநீர் பிடிக்கவே கூடாது.

மறுநாள் சாலை. நம்மூரைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஊருக்கு வெளியேயுள்ள சாலையில் பொதுவாக மணிக்கு 100 கிலோமீட்டர்தான் உச்சவேகம். 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு 90. ஒற்றைவழிப் பாலத்தின் முன் உள்ள பலகையில் நம் பக்கத்து அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் நின்று, எதிர்வருபவருக்கு வழிவிட வேண்டும். எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஹாரனை நம்பி ஓட்டிய எனக்கு, பின்னால் ஐந்து கார்கள் சேர்ந்தும் யாரும் ஹாரன் அடிக்காதது முதலில் மரியாதையாகத் தோன்றியது. பிறகுதான் அவர்கள் எரிச்சலை அடக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று புரிந்தது. ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி, அவர்களை முன்னே விட்டுவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு ஆக்லாந்திலிருந்து சுமார் 115 கிலோமீட்டரிலுள்ள தேம்ஸ் ஊர் போதும். அங்கிருந்து கோரமண்டல் என்ற ஊரை நோக்கி வடக்கே செல்லும் கரைச் சாலை குறுகலானது, வளைவுகள் மிகுந்தது. டிசம்பரில் பொஹுடுகாவா மரங்கள் அங்கே சிவப்பாகப் பூத்திருக்கும். காசிமேட்டிலிருந்து எண்ணூருக்குப் போனால் கடல் வலப்பக்கம் வரும். இங்கே இடப்பக்கம், அதாவது ஓட்டாதவரின் சன்னலுக்கு நேர் கீழே. பயப்படுபவரைப் பின்னிருக்கையில் அமர்த்துவது நல்லது.

அன்றிரவு, புதிதாகக் கண்ணில் பட்டதைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி, ஒருவரை ஒருவர் கேட்காமல் எழுதிவைக்க வேண்டும்; நான்காம் நாளுக்குள் கண் பழகிவிடும். வெயில் இருக்கும்போதே தேநீர்க் கடையை மூடிவிட்டார்கள் என்று மனைவி எழுதினாள். கடற்கரையில் வலை காயவில்லை என்று மகள் எழுதினாள். நான் எழுதியது ஹாரனைப் பற்றி. அம்மா கருவாட்டைத் தவிர வேறெதையும் எழுத மறுத்துவிட்டார். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் அவசரத்தில் அந்தத் தாளை அலமாரியிலேயே விட்டுவிட்டோம்; நீங்கள் அதைக் கடவுச்சீட்டு உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.