வால்வை மாற்றினால் கிடார் ஆம்ப் டோன் மாறுமா?

மதுரைப் பக்கம் சர்ச்சிலும் மெல்லிசைக் குழுவிலும் வாசிக்கிற தம்பிகள் சிலர் பழைய வால்வு ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வு வைத்த கிடார் ஆம்ப்ளிஃபயர், வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் வாங்கிய கையோடு "அண்ணே, எந்த வால்வு போட்டா டோன் நல்லாயிருக்கும்?" என்று கேட்கிறார்கள். தேய்ந்துபோன வால்வை மாற்றினால் வித்தியாசம் தெளிவாகக் கேட்கும். நன்றாக ஓடுவதைக் கழற்றிவிட்டு அதே எண்ணில் வேறு கம்பெனி வால்வைச் செருகினால் காதுக்கு எட்டுவது கொஞ்சம்தான். இதில் தம்பிகள் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பயஸ் பார்க்காமல் பவர் வால்வு மாற்றுவது

இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பவர் வால்வு என்பது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்ட வால்வு. அலங்காநல்லூர் பக்கத்துத் தம்பி ஒருவர் ஆன்லைனில் வாங்கிய ஈஎல்34 என்ற பவர் வால்வு ஜோடியைப் போட்டு, அன்றைக்கே திருவிழாக் கச்சேரிக்கு ஆம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாதிக் கச்சேரியில் வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்ற தகடு செக்கச்செவேலென்று சிவந்துவிட்டது. அதற்கு முன் யாரோ பெரிய பியூஸ் போட்டு வைத்திருந்ததால் அது போகவில்லை, பவர் வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போனது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை நம் ஊரில் நிறைய உண்டு. இந்த டிரான்ஸ்பார்மரை அடுக்கு மாற்றி அடுக்காகச் சுற்றத் தெரிந்தவரைத் தேடித்தான் அலைய வேண்டும்.

ஒரே எண் என்றாலும் ஒவ்வொரு வால்வும் இழுக்கிற கரண்ட் வேறு. வால்வுக்குள் இருக்கும் கம்பிவலையான கிரிட்டுக்குக் கொடுக்கும் மைனஸ் வோல்ட்டேஜான பயஸ்தான் அதைக் கட்டுப்படுத்துகிறது. ஈஎல்34 பிளேட் தாங்குவது 25 வாட். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதத்துக்குள், அதாவது 17.5 வாட்டுக்குள் இருக்க வேண்டும். பிளேட்டில் 450 வோல்ட் என்றால் ஒரு வால்வுக்கு 38 மில்லிஆம்பியர். கரண்ட்டை ரொம்பக் குறைத்தாலோ டோன் வறண்டு கரகரக்கும். புது வால்வின் டோன் என்று சிலர் மெச்சுவதுகூடப் பல நேரம் பயஸ் மாறியதால் வந்ததுதான். வாக்ஸ் ஏசி30 மாதிரி, பயஸைத் தானே அமைத்துக்கொள்ளும் கேத்தோடு பயஸ் ஆம்பில் இந்த வேலை இல்லை. மற்ற ஆம்பை வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம், ஆளைக் கொல்லும்.

எல்லா வால்வையும் ஒரே நாளில் மாற்றுவது

எது எதை மாற்றியது என்று தெரியாது.

ப்ரீஆம்பில் ஒரே வால்வைத் திரும்பத் திரும்ப வாங்குவது

ப்ரீஆம்ப் என்பது கிடார் சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி. இங்கே பொதுவாக பயஸ் வைக்கத் தேவையில்லை. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கம் 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயூ7-க்கு 20-க்குள். முதல் சாக்கெட்டில் 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துவிட்டுப் பெருக்கம் குறைந்ததைப் போட்டால் டிஸ்டார்ஷன் தாமதமாக வரும், வித்தியாசம் நிஜமாகவே கேட்கும்.

ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டுவது

கூடவே கூடாது.

ஸ்பீக்கரை மறப்பது

டோனை அதிகம் மாற்றுவது இதுதான். நண்பரிடம் அதே ஓம் அளவுள்ள ஸ்பீக்கர் கேபினெட் இருந்தால் ஒரு சாயங்காலம் இரவல் வாங்கி வாசித்துப் பாருங்கள், அப்புறம் வால்வுக்குப் பணம் போடலாமா என்று முடிவு செய்யுங்கள்.