டாக் வழியாக இணைத்த மானிட்டரின் வெளிச்சத்தை லேப்டாப்பிலிருந்தே மாற்றுவது எப்படி?

லேப்டாப்பில் பிரைட்னஸ் பட்டனை அழுத்தினால் லேப்டாப் திரை மட்டும் மங்கும். பக்கத்தில் இருக்கும் பெரிய மானிட்டர் அசையாமல் கண்ணைக் கூசவைத்துக்கொண்டிருக்கும். லேப்டாப் திரையின் பின்விளக்கு கிராபிக்ஸ் டிரைவரின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெளி மானிட்டரின் பின்விளக்கோ அந்த மானிட்டருக்குள் இருக்கும் சர்க்யூட்டின் பொறுப்பு. விண்டோஸ் ஸ்லைடர் அங்கே எட்டாது.

ஆனால் மானிட்டரிடம் கேட்டு வாங்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் டிடிசி/சிஐ. திரைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் வெசா அமைப்பு 1998-இல் வகுத்த முறை. படம் போகும் அதே கேபிளில் மெதுவான ஒரு தகவல் பாதையும் ஓடுகிறது. ஹெச்டிஎம்ஐயில் 15, 16-ஆம் பின்கள் அதற்கானவை. டிஸ்ப்ளேபோர்ட்டிலும் யுஎஸ்பி-சியிலும் ஆக்ஸ் என்ற தனி ஜோடிக் கம்பி. டாக் (ஒரே கேபிளில் லேப்டாப்போடு மானிட்டர், கீபோர்டு போன்றவற்றை இணைக்கும் பெட்டி) இங்கே நடுவில் நிற்கும் தபால்காரர். படத்தை ஒழுங்காகக் கொண்டுசேர்த்துவிட்டு இந்தக் கடிதத்தை மட்டும் வழியில் தொலைத்துவிடும் டாக்குகள் நிறைய.

அதனால் டாக்கிலிருந்து தொடங்காதீர்கள். மானிட்டரிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: மானிட்டர் மெனு

மானிட்டரின் பின்பக்கமோ கீழேயோ இருக்கும் பட்டனை அழுத்தி மெனுவைத் திறந்து, டிடிசி/சிஐ என்ற வரியைத் தேடி 'ஆன்' செய்யுங்கள். டெல் மானிட்டர்களில் பெரும்பாலும் 'அதர்ஸ்' பகுதியில் இருக்கும். மற்றவற்றில் 'சிஸ்டம்' அல்லது 'செட்டப்' பகுதியில் பாருங்கள். அப்படியே ஹெச்டிஆர், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு மூன்றையும் அணைத்துவிடுங்கள். இவை ஓடும்போது பல மானிட்டர்கள் பிரைட்னஸைப் பூட்டிவைத்துவிடும். எஸ்ஆர்ஜிபி என்ற நிற மோடிலும் இதே கதைதான். மெனுவிலேயே பிரைட்னஸ் வரி சாம்பல் நிறத்தில் மங்கித் தெரிந்தால் எந்த மென்பொருளாலும் அதை நகர்த்த முடியாது.

படி 2: டாக் இல்லாமல் ஒரு சோதனை

மானிட்டரை லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் நேராகச் செருகுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'ட்விங்கிள் ட்ரே' இலவசமாகக் கிடைக்கிறது ('மானிட்டோரியன்' என்பதும் நன்றாகவே வேலைசெய்யும்). நிறுவியதும் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐகான் வரும். அதைச் சொடுக்கினால் ஒவ்வொரு திரைக்கும் ஒரு ஸ்லைடர். நகர்த்திப் பாருங்கள், வெளிச்சம் மாறினால் மானிட்டரில் குறையில்லை. மாறாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் படி 1-க்குத் திரும்புங்கள்.

ஸ்லைடரைச் சரசரவென்று இழுக்க வேண்டாம். ஒரு கட்டளை போனபின் மானிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிசெகண்ட் மூச்சுவிட நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் சில மானிட்டர்கள் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிச் செருகினால்தான் திரும்பும்.

படி 3: இப்போது டாக் வழியாக

முதலில் உங்கள் டாக் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ போர்ட்டில் செருகினாலும் படம் வருகிறதென்றால், அது டிஸ்ப்ளேலிங்க் போன்ற யுஎஸ்பி கிராபிக்ஸ் டாக். படத்தைச் சுருக்கி யுஎஸ்பி தரவாக அனுப்பும் வகை இது. கிராபிக்ஸ் கார்டிலிருந்து மானிட்டருக்கு நேரான கம்பியே கிடையாது. டிரைவர்தான் கட்டளையைச் சுமக்க வேண்டும். புதிய டிரைவர் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் அந்த டாக்கோடு மல்லுக்கட்டுவது வீண்.

யுஎஸ்பி-சி அல்லது தண்டர்போல்ட் வழியாக மட்டும் படம் தரும் டாக் என்றால் நம்பிக்கை அதிகம். வேலைசெய்யாவிட்டால் இந்த வரிசையில் போங்கள்:

1. டாக்கின் ஹெச்டிஎம்ஐயை விட்டு டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறுங்கள். பல டாக்குகள் உள்ளே டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலைத்தான் ஹெச்டிஎம்ஐயாக மாற்றுகின்றன; கடிதம் தொலைவது பெரும்பாலும் அந்த மாற்றியில்தான்.
2. இடையில் உள்ள அடாப்டர், கேவிஎம் சுவிட்ச் (ஒரே மானிட்டரையும் கீபோர்டையும் பல கணினிகளுக்கு மாற்றித் தரும் பெட்டி) எல்லாவற்றையும் கழற்றுங்கள். கேவிஎம் பல சமயம் மானிட்டரின் அடையாளத் தகவலைத் தானே வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும். கட்டளையை மானிட்டருக்கு அனுப்பாது.
3. டாக்கின் மின் அடாப்டரையும் லேப்டாப் கேபிளையும் பிடுங்கி, 30 விநாடி கழித்துச் செருகுங்கள்.
4. தயாரிப்பாளர் தளத்திலிருந்து டாக்கின் ஃபர்ம்வேரை (அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) புதுப்பியுங்கள். இரண்டு மானிட்டர்களில் ஒன்று மட்டும் கேட்கவில்லை என்றால் இதைத் தவிர்க்காதீர்கள். ஒரே சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் எம்எஸ்டி சிப்பின் கோளாறாக இருக்கலாம்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்தபின் ஸ்லைடர் காணாமல் போனால் பயப்பட வேண்டாம். ட்விங்கிள் ட்ரேயை மூடித் திறந்தாலே போதும்.

மேக், லினக்ஸ்

மேக்கில் 'மானிட்டர் கன்ட்ரோல்' இலவசம். கீபோர்டின் பிரைட்னஸ் பட்டன்களையே பயன்படுத்தலாம். ஆனால் டிஸ்ப்ளேலிங்க் டாக் வழியாக அது பின்விளக்கைத் தொடாது. லினக்ஸில் 'டிடிசியூட்டில்' என்ற கருவி. அதில் பிரைட்னஸுக்கான எண் 10.

எதுவுமே நடக்காவிட்டால்

மென்பொருள் வழியாகத் திரையை மங்கலாக்கும் செயலிகள் உண்டு. அவை படத்தின் நிறங்களைத்தான் கருமையாக்குகின்றன. பின்விளக்கு முழு வேகத்தில் எரிந்துகொண்டேதான் இருக்கும். மின்சாரம் மிச்சமாகாது, இருண்ட படங்களில் நுணுக்கம் போய்விடும். இரவில் படிக்க மட்டும் சமாளிக்கலாம். போட்டோ திருத்துபவர்கள் மானிட்டர் பட்டனையே அழுத்துவது நல்லது.

எந்த அளவில் வைப்பது?

ஒரு வெள்ளைத் தாளை மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்துவையுங்கள். தாளைவிடத் திரை விளக்குபோல் எரிந்தால் குறையுங்கள். தாள் பளிச்சென்றும் திரை அழுக்காகவும் தெரிந்தால் கூட்டுங்கள். இரண்டு மானிட்டர்கள் என்றால் ஒரே எண் ஒரே வெளிச்சத்தைத் தராது. ட்விங்கிள் ட்ரே அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைத் தனித்தனியாகக் கொடுத்துக் கண்ணால் சமப்படுத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து நகர்த்த ஒரு ஷார்ட்கட் விசையை ஒதுக்குங்கள்.