டீசல் காருக்குக் கூடுதலாக ஒரு ஃபில்டர்: நாமே மாட்டுவது எப்படி?

உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது என் பழைய டீசல் காருக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது கியரில் புல்லிங் இல்லை. இரண்டுக்கு இறக்கினேன், நாலு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றேவிட்டது. தப்பு என்னுடையதுதான். தோட்டத்து இன்ஜினுக்கு வாங்கி மாதக்கணக்கில் கேனில் கிடந்த டீசலை, பங்க் வரை போகச் சோம்பல்பட்டு டேங்கில் ஊற்றியிருந்தேன். ஃபில்டரைக் கழற்றி அதிலிருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால், கொஞ்ச நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர், அதன் மேல் டீசல், நடுவே காப்பித்தூள் மாதிரி ஒரு அழுக்குப் பட்டை. ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம்தான், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீர் எப்போதும் அடியில்தான் தங்கும். நாம் மாட்டப்போகும் ஃபில்டரும் இதை வைத்துத்தான் தண்ணீரைப் பிரிக்கிறது.

எந்த வண்டிக்கு மாட்டலாம்?

இந்த விளக்கம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும். இவற்றில் இன்ஜின் பக்கத்துப் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. காமன் ரெயில் வண்டி (ரெயில் எனும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா சிலிண்டருக்கும் டீசல் போகும் வகை) என்றால், குறிப்பாக 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டி என்றால், கை வைக்காதீர்கள். அவற்றில் பலவற்றுக்கு டேங்குக்குள்ளேயே மின்சாரப் பம்ப் இருக்கும், லைனில் அழுத்தம் இருக்கும், சாதாரண ஃபில்டர் தாங்காது. ரெயில் பக்கம் ஆயிரம் பாருக்கு மேல் (காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல்) ஓடும் அழுத்தம் தோலையே துளைக்கும். வாரண்டி போவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என்ன வாங்குவது?

அடியில் ஒளி ஊடுருவும் கிண்ணமும் வடிகால் திருகும் உள்ள, தண்ணீர் பிரிக்கும் டீசல் ஃபில்டராகக் கேளுங்கள். 30 மைக்ரான் போதும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; எண் குறையக் குறைய வடிகட்டல் சன்னமாகும்). நிறைய பேர் இங்கேதான் தவறுகிறார்கள். சன்னமாக வடிகட்டினால் நல்லதுதானே என்று 2 மைக்ரானை முன்னால் மாட்டினால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், பம்ப் உறிஞ்சத் திணறும். சன்னமான வேலையைக் கம்பெனி ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். நம்முடையது அதற்கு முன்னால் நிற்கும் சல்லடை, அவ்வளவுதான்.

ஹோஸ், டீசலுக்கென்றே விற்பதாக இருக்கட்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டியூப் டீசலில் ஊறி இளகிவிடும். என் வண்டிக்கு உள்விட்டம் 8 மில்லிமீட்டர். உங்கள் வண்டியில் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கிளிப், பட்டை வழவழப்பாக உள்ளதாக வாங்கினால் ரப்பரை அறுக்காது. டெஃப்லான் டேப்பை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். குழாய் வேலை செய்து பழகிய கை தன்னால் அதைத் தேடும். ஆனால் அதன் இழை ஒன்று பிய்ந்து உள்ளே போனால் பம்ப் வரை போய்விடும். திருகு இணைப்புகளுக்கு செம்பு வாஷர் அல்லது ஓ-ரிங் போதும்.

மாட்டும் வேலை

இன்ஜின் நன்றாக ஆறட்டும். மதுரை வெயிலில் நிறுத்திய வண்டிக்கு அரை மணி நேரமெல்லாம் பத்தாது, காலையில் செய்வதே நல்லது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது.

முதலில் சரியான லைனைக் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனி ஃபில்டரின் தலையில் அம்புக்குறி இருக்கும். டீசல் உள்ளே வரும் பக்கத்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு டேங்க் பக்கமாகப் போங்கள். நாம் வெட்ட வேண்டியது அதைத்தான். மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனும் பார்க்க அப்படியேதான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

அப்புறம் இடம். சைலன்ஸர், ஃபேன், பெல்ட் மூன்றிலிருந்தும் தள்ளி, செங்குத்தாக, வடிகால் திருகுக்குக் கை எட்டும்படி இருக்க வேண்டும். பிராக்கெட்டை பாடியில் முடுக்குங்கள், இன்ஜினில் வேண்டாம். இன்ஜின் ஆடும், அதனால் ஹோஸைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். வண்டிக்கு அடியில் மாட்டினால் கம்மாய்க்கரை ரோட்டில் முதல் கல்லே கிண்ணத்தை உடைத்துவிடும்.

வெட்டும் இடத்தைத் துடைத்து, கீழே தட்டு வைத்து, டேங்க் பக்கம் ஹோஸை நசுக்கிப் பிடித்துக்கொண்டு புது பிளேடால் நேராக வெட்டுங்கள். ஆக்சா பிளேடு ரப்பரைத் தூளாக்கும், அந்தத் தூள் உள்ளே போகும். ஃபில்டரின் குழாய் முனையில் ஒரு சொட்டு டீசல் தடவினால் ஹோஸ் வழுக்கிக்கொண்டு ஏறும். அந்த முனையில் உள்ள மேடு எல்லாம் மறையும் வரை ஏற்றி, கிளிப்பை ஹோஸின் விளிம்பில் போடாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி, மேடுகளைத் தாண்டிய இடத்தில் முடுக்குங்கள். புது ஃபில்டரின் அம்பு இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும்.

காற்று எடுப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்த இடத்தில்தான். மாட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணினேன், இரண்டு நிமிடம் ஓடி அணைந்தது. ஒரு இணைப்பிலும் கசிவு இல்லை. தெருமுனை மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, டீசல் வெளிய வந்தா கண்ணுக்குத் தெரியும். காத்து உள்ள போனா தெரியுமா?”

சரிதானே. உறிஞ்சும் பக்கத்து லைன் இது. ஓடும்போது தளர்ந்த இணைப்பு சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும். புது ஃபில்டருக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவே ஒரு சாண் தெளிவான டியூபைத் தற்காலிகமாக மாட்டிப் பார்த்தேன். கோலி சோடா உடைத்த மாதிரி குமிழ்கள் ஓடின. ஒரு கிளிப்பை அரைச் சுற்று முடுக்கியதும் நின்றுவிட்டது. பார்த்து முடித்ததும் அந்த டியூபை எடுத்துவிட்டு டீசல் ஹோஸைப் போட்டுவிடுங்கள்.

லைனில் புகுந்த காற்றை எடுக்க, கம்பெனி ஃபில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் அமுக்கி ஏற்றும் சின்ன பம்ப்) அமுக்கிக்கொண்டே இருங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழே இல்லாமல் டீசல் மட்டும் வரும். அப்போது திருகை மூடுங்கள். இன்ஜெக்ஷன் பம்ப்பில் (இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்ப்) காற்றுத் திருகு இருந்தால் அங்கேயும் இதே வேலை. பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள், ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலலாம்.

ஓடியதும் எல்லா இணைப்புகளையும் துடைத்துவிட்டு, இரவு வண்டிக்கடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தும் ஸ்டார்ட் பிடிக்க நேரமானால் டீசல் டேங்குக்கே இறங்கிவிட்டது, எங்கோ காற்று போகிறது என்று பொருள்.

முதல் மாதம் வாரம் ஒருமுறை கிண்ணத்தைப் பாருங்கள், தண்ணீர் தெரிந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வடியுங்கள். வடித்தபின் பிரைமரை நாலு அமுக்கு அமுக்கினால் நல்லது. கம்பெனி ஃபில்டர் மாற்றும்போது இதையும் மாற்றிவிடலாம். டேஷ்போர்டில் ஹோஸ் அளவுக்கு ஒரு இணைப்புக் குழாயும் இரண்டு கிளிப்பும் கிடக்கட்டும். வழியில் புது ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றி, இரண்டு ஹோஸையும் நேராகச் சேர்த்து, காற்று எடுத்துவிட்டு வீடு வந்து சேரலாம்.