சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங் மேற்படிப்பு: ஒரு கம்பியிலிருந்து தொடங்குங்கள்

சயின்டிஃபிக் கம்ப்யூட்டிங்கில், அதாவது அறிவியல், பொறியியல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்க்கும் துறையில், எம்.டெக்., பிஎச்.டி. சேர நினைப்பவர்கள் முதலில் பைத்தான் வகுப்பைத்தான் தேடுகிறார்கள். பைத்தான் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கணினி தந்த எண்ணை நம்பலாமா என்று சோதிக்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் வராது. அதை இந்த ஒரே கணக்கில் பழகுங்கள்: சூடான கம்பி எப்படி ஆறுகிறது?

1 மீட்டர் அலுமினியக் கம்பி. பக்கவாட்டில் வெப்பம் கசியவில்லை. வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைச் சொல்லும் வெப்பப் பரவல் எண் நொடிக்குச் சுமார் 0.0001 சதுர மீட்டர். நடுவில் 100 டிகிரி, அங்கிருந்து சைன் வளைவாக இறங்கி இரு முனையிலும் 0; முனைகள் எப்போதும் 0-இலேயே இருக்கும். கம்பியில் வரிசையாகப் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு காலப்படியிலும் அவற்றின் வெப்பநிலையைக் கணக்கிடுகிறோம். புள்ளி இடைவெளி 0.1 மீட்டர், ஒரு காலப்படி 40 நொடி.

விகிதம் = பரவல் எண் × காலப்படி ÷ புள்ளி இடைவெளியின் வர்க்கம் = 0.4

ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலைக்கும்: புதியது = பழையது + விகிதம் × (இடப்பக்கம் + வலப்பக்கம் − 2 × பழையது)

பழைய வரிசையை நகலெடுத்து வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். அதன்மேலேயே எழுதினால் இடப்பக்கப் புள்ளி முன்கூட்டியே மாறிவிடும். விடை சத்தமில்லாமல் பிசகும். 25 படி, அதாவது 1000 நொடி ஓட்டினால் நடுப்புள்ளி 36.84. சூத்திரத்தை வைத்துத் தாளில் போட்டால் கிடைக்கும் சரியான விடை 37.27.

இப்போது இடைவெளியை 0.05 ஆக்கி, காலப்படியை மாற்றாமல் ஓட்டிப் பாருங்கள். முதலில் ஒழுங்காகவே போகும். பிறகு பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ப்ளஸ், மைனஸ் என்று எகிறும். புரோகிராமில் தவறு தேடி ஒரு நாளை வீணாக்காதீர்கள். விகிதம் 1.6 ஆகிவிட்டது, இந்த முறையில் 0.5-ஐத் தாண்டக் கூடாது. கணினி 16-ஆவது இலக்கத்தருகே வெட்டும் துளிப் பிழை, இங்கே படிக்கு 5 மடங்குக்கு மேல் பெருகுகிறது.

காலப்படியை 10 நொடியாக்கி 100 படி ஓட்டுங்கள்: 37.16. பிழை 0.43-இலிருந்து 0.11, ஏறத்தாழ கால் பங்கு. இடைவெளி பாதியானால், விகிதத்தை மாற்றாதவரை, பிழை கால் ஆக வேண்டும். ஆகவில்லையா, அப்போது புரோகிராமைச் சந்தேகப்படுங்கள்.

வேலையோ 8 மடங்கு கூடியது. முப்பரிமாணத்தில் 32 மடங்கு. வேகமான சி++ மொழி, பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துத் தரும் எம்பிஐ, ஒரே நேரத்தில் பல கணக்குப் போடும் ஜிபியு சிப் எல்லாம் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான். இந்த 0.5 தடையைத் தாண்ட, எல்லாப் புள்ளிகளின் புதிய மதிப்பையும் சேர்த்து ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்கும் இம்ப்ளிசிட் முறை உண்டு. அதற்கு நேரியல் இயற்கணிதம் திடமாக வேண்டும்.

இந்தியாவில் எம்.டெக். சேர்க்கைக்குப் பொதுவான வழி கேட் தேர்வு. மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதற்கென்றே கம்ப்யூட்டேஷனல் அண்ட் டேட்டா சயின்சஸ் துறை இருக்கிறது. எந்தக் கேட் தேர்வுத் தாளை ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

வேலை என்றால் வானிலைக் கணிப்பு, கார், விமானங்களின் காற்றோட்ட ஆய்வு, மருந்து மூலக்கூறு வடிவமைப்பு. நிதித்துறையும் உண்டு: ஆப்ஷன் (பங்கைக் குறித்த விலையில் பின்னர் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலை கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாடு, மாறிகளை மாற்றி எழுதினால் இதே கம்பியின் வெப்பச் சமன்பாடுதான்.

புரோகிராமையும், இடைவெளிக்கு இடைவெளி பிழை குறைந்ததைக் காட்டும் அட்டவணையையும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் போட்டு, விண்ணப்பத்தில் இணைப்பைக் கொடுங்கள். விகிதம் 1.6-இல் விடை எகிறிய வரைபடத்தையும் அழிக்காமல் சேர்த்து வையுங்கள்.