பகுதி வரிசைக் கணம் டேமா வைல்டா: கையால் சோதிக்கும் வழி

பகுதி வரிசைக் கணம் என்றால் சில ஜோடிகளை மட்டும் சிறிது, பெரிது என ஒப்பிடக்கூடிய கணம். அதன் பிரிக்க முடியாத அணி உருவமைப்புகள் முடிவுள்ள எண்ணிக்கை என்றால் முடிவுறு வகை; முடிவில்லாமல் இருந்தும் வகைப்படுத்த முடிந்தால் டேம்; வகைப்படுத்தவே கைகூடாவிட்டால் வைல்ட். முதலில் அகலத்தைப் பாருங்கள்: ஒன்றோடொன்று ஒப்பிட முடியாத உறுப்புகள் அதிகபட்சம் எத்தனை? 2 வரை என்றால் முடிவுறு வகை. 5 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே வைல்ட். 3, 4-இல்தான் உண்மையான வேலை.

கிளெய்னர் (1972) பட்டியல்: (1,1,1,1), (2,2,2), (1,3,3), (1,2,5), (என்,4). எண்கள் தனித்தனிச் சங்கிலிகளின் நீளம். 'என்' என்பது அ<ஆ, இ<ஆ, இ<ஈ. இவற்றில் ஒன்று உட்கணமாக இருந்தாலே முடிவிலா வகை.

நசரோவா (1975) பட்டியல்: (1,1,1,1,1), (1,1,1,2), (2,2,3), (1,3,4), (1,2,6), (என்,5). இவற்றில் ஒன்று இருந்தால் வைல்ட். முதல் பட்டியலில் சிக்கி இதில் சிக்காதது முடிவிலா டேம்.

அதிகம் தவறுவது இங்கேதான்: உட்கணம் முழுமையானதாக இருக்க வேண்டும். உறுப்புகளை நீக்கலாம், உறவுகளை நீக்கக் கூடாது. ஹாஸ் படத்தில் (வரிசையைக் கோடுகளால் காட்டும் படம்) நேர்க்கோடு இல்லாததால் ஒப்பீடே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கடப்பு உறவுகளையும் (இடையில் உள்ள உறுப்புகள் வழியே கிடைக்கும் ஒப்பீடுகள்) எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு ஒப்பிலா உறுப்புகளோடு ஐந்தாவதைச் சேர்த்தால்? அது ஒன்றோடு மட்டும் ஒப்பிட முடிந்தால் (1,1,1,2), வைல்ட். அவற்றில் சரியாக இரண்டைவிடப் பெரியதாக வைத்தால் டேம்தான்! காரணம் டிட்ஸ் வடிவம் என்ற இருபடிக் கோவை. ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எடையும், கூடுதலாக ஒரு 'வேர்' எடையும் கொடுங்கள்: வேர் உட்பட எல்லா எடைகளின் வர்க்கங்கள், ஒப்பிடத்தக்க ஜோடிகளின் பெருக்கல்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து வேர் எடை × மற்ற எடைகளின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். 0 அல்லது அதற்கு மேலான எடைகளில் எங்காவது எதிர்மதிப்பு வந்தால் வைல்ட். (1,1,1,2)-க்கு வேர் 4, ஒற்றைகள் 2, சங்கிலி 1,1 எனப் போடுங்கள்: 16+12+3−32 = −1.