கல்யாணம் செய்து வைப்பவரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கல்யாண ஏற்பாடுகள் செய்து கொடுப்பது என் தொழில். மண்டபம், மாலை, மேளம், சாப்பாடு எல்லாம் நானே பேசி முடிப்பேன். பெண் வீட்டார் ருசி பார்க்காமல் கேட்டரிங்குக்கு அட்வான்ஸ் கொடுப்பதில்லை. மேக்கப்புக்கு ஒத்திகையே நடக்கும். ஆனால் கல்யாணத்தையே நடத்தி வைப்பவரைப் பற்றிக் கேட்டால், "ஐயர் நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். அது போதவே போதாது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் உண்டு. அது நடப்புக்கு வந்த 1982 மார்ச் 1 முதல், எந்தச் சமய முறைப்படி தாலி கட்டினாலும் கல்யாணம் அந்தச் சட்டத்தின்படிதான் நடக்க வேண்டும். அதனால் நீங்கள் விசாரிக்க வேண்டியது இரண்டு பொறுப்புகளை. ஒன்று, சடங்கு செய்பவர். இன்னொன்று, கல்யாணத்தைச் சட்டப்படி பதிவு செய்ய அமைச்சரால் நியமிக்கப்பட்ட துணைப் பதிவாளர். சில கோவில்களில் இரண்டையும் ஒருவரே பார்ப்பார். பல இடங்களில் மந்திரம் சொல்பவர் வேறு, பதிவேட்டில் கையெழுத்து வாங்குபவர் வேறு. கோவில் நிர்வாகக் குழு உறுப்பினரையும் துணைப் பதிவாளராக நியமிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே குருக்கள் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பதிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள்.

நேராகக் கோவில் அலுவலகத்துக்குப் போய், "இங்கே துணைப் பதிவாளர் யாருங்க? நியமனக் கடிதத்தைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். முறையாக இருப்பவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுவார். நியமனம் எந்தக் கோவிலுக்கு, எந்த வட்டாரத்துக்கு என்பதைப் படித்துப் பாருங்கள். வெளி மண்டபத்தில் தாலி கட்டுவதாக இருந்தால், அங்கே வந்து நடத்தி வைக்க முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால் தேசியப் பதிவிலாகா கவுண்டரில் விசாரிக்கலாம். அதிகாரம் இல்லாதவர் சட்டப்படி கல்யாணம் செய்து வைப்பதாகக் காட்டிக்கொண்டால் அது குற்றம்; சிறைக்குப் போக வேண்டிவரும். பதிவிலாகாவில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட ஜோடிகளுக்கு இந்த அலைச்சல் இல்லை, குருக்களை மட்டும் விசாரித்தால் போதும்.

நல்ல துணைப் பதிவாளரை அவர் கேட்கும் கேள்விகளிலேயே அடையாளம் காணலாம். இருவரிடமும் சத்தியப் பிரமாணம் கேட்பார். ஏற்கெனவே கல்யாணம் ஆனவர்களா, 21 வயதுக்குக் குறைவென்றால் பெற்றோர் சம்மதம் இருக்கிறதா என்று பார்ப்பார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்ணும் மாப்பிள்ளையும் மனதார சம்மதிக்கிறார்களா என்று அவர்கள் வாயாலேயே கேட்பார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், இங்கே கையெழுத்துப் போடுங்க" என்பவரிடம் உங்கள் பிள்ளையின் கல்யாணத்தைக் கொடுக்காதீர்கள். சொந்தத்தில் கட்டுகிறவர்கள் சிலர் இந்தக் கேள்விகளுக்குப் பயந்து உறவை மறைக்கிறார்கள். இந்துக்கள் வழக்கப்படி தாய்மாமனைக் கட்டுவதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. தைரியமாக உண்மையைச் சொல்லுங்கள்.

சடங்கு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. குருக்களுக்கு மந்திரம் எவ்வளவு தெரியும், எதையாவது விட்டுவிட்டாரா என்றெல்லாம் அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. அந்தக் கண்காணிப்பைக் குடும்பம்தான் செய்ய வேண்டும். ஒரு கல்யாணத்தில் குருக்கள் அதே முகூர்த்தத்துக்குக் கிள்ளானில் இன்னொன்றையும் ஒத்துக்கொண்டு வந்திருந்தார். தாலி ஏறியதும் அவசரமாக ஆசீர்வாதம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பெண்ணின் பாட்டி காலையிலேயே கழுவி மஞ்சள் பூசி, பொட்டு வைத்த அம்மி மணவறை ஓரத்தில் அப்படியே கிடந்தது. அம்மியும் மிதிக்கவில்லை, அருந்ததியும் பார்க்கவில்லை. அந்தப் பாட்டிக்கு என்ன பதில் சொல்வது?

அதனால் பேச்சு தொடங்கும்போதே, "அன்றைக்கு வேறு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். யாரிடம் படித்தார், உங்கள் குல வழக்கப்படி செய்வாரா, அல்லது தேவாரம் ஓதித் தமிழ் முறையில் நடத்துவாரா என்று விசாரியுங்கள். இது மரியாதைக் குறைவு இல்லை. விஷயம் தெரிந்தவர் சந்தோஷமாகவே பதில் சொல்வார். சடங்கு வரிசையையும் சாமான் பட்டியலையும் எழுதி வாங்குங்கள். அரசாணிக்கால், முளைப்பாலிகை, நவதானியம், ஓமத்துக்கு நெய் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை யார் கொண்டுவருவது என்பதும் இருக்கட்டும். தட்சணை எவ்வளவு, உதவியாளருக்குத் தனியாக உண்டா, அவரால் வர முடியாமல் போனால் பதிலுக்கு யார் வருவார் என்பதையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

குறை இருந்தால் எங்கே போவது? கோவில் குருக்கள் என்றால் நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். பதிவில் சிக்கல் என்றால் பதிவிலாகா. மண்டபத்தோடு ஐயரையும் சேர்த்து பேக்கேஜாக விற்ற நிறுவனம் ஏமாற்றினால், பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம், மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். ரசீது இல்லாமல் போனால் நிரூபிப்பது கஷ்டம். ரொக்கமாகக் கொடுத்தாலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்தன்று நிதானமான ஒருவரைப் பதிவு மேசைக்கு என்று ஒதுக்குங்கள். சித்தப்பாவோ அத்தையோ, போட்டோவுக்கு நிற்க வேண்டாத ஒருவர். இருவரின் அடையாள அட்டையான மைகார்டையும் கையில் வைத்துக்கொண்டு, சான்றிதழில் உள்ள பெயர், அப்பா பெயர், அடையாள அட்டை எண் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாக அவர் சரிபார்க்கட்டும். துணைப் பதிவாளர் கிளம்புவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.