பின்பக்க பம்பரில் எங்கே வெட்டுவது, எங்கே கை வைக்கக் கூடாது: பந்தயத் தடத்துக்கான செய்முறை

பலத்த காற்றில் குடை பிடித்து நடந்தவர்களுக்கு இந்தப் பதிவில் பாதி ஏற்கெனவே தெரியும். குடையின் வெளிப்புறத்தில் படும் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். உட்புறத்தில் புகுந்த காற்றோ ஆளையே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்பக்க பம்பர், உட்குழிந்த ஒரு பிளாஸ்டிக் ஓடுதான். காரின் அடியில் ஓடிவரும் காற்று கடைசியில் அந்த ஓட்டுக்குள் போய் முட்டி நிற்கிறது. முட்டிய இடத்தில் அதற்கு ஒரு வழி திறந்துவிடுவதே நாம் செய்யப்போகும் வேலை.

சாலை வேகத்தில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தடத்தில் நிலைமை வேறு. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் காற்றுக்கு நேர் எதிரே பிடித்தால் ஏறத்தாழ 30 கிலோ எடை அழுத்துவது போல இருக்கும். 160 கி.மீ. வேகத்தில் அதே பரப்பில் அது 120 கிலோ. பம்பருக்குள் சிக்கும் காற்று முழு வேகத்தில் வருவதில்லை, பரப்பும் அவ்வளவு இல்லை. ஆகவே நமக்குக் கிடைக்கப்போவது இந்தக் கணக்கின் ஒரு சிறு பங்குதான். நல்ல டயர், தடத்துக்கேற்ற பிரேக் பேடு, புது பிரேக் ஆயில் ஆகியவற்றுக்கு இன்னும் செலவழிக்கவில்லை என்றால் பம்பரை விட்டுவிட்டு முதலில் அவற்றைப் பாருங்கள்.

முதலில் காரின் அடியில் படுத்துப் பாருங்கள்

காரைத் தூக்கி, ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்திய பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட உள்ளே தலையை நீட்டாதீர்கள். பின் அச்சுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். பம்பரின் உட்புறம் ஒரு வாளியைப் போல வாய் திறந்து தெரிந்தால் வெட்டுவதில் பயன் இருக்கிறது. ஹோண்டா சிவிக், இன்டெக்ரா, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவற்றில் தடப் பிரியர்கள் இந்த வேலையைச் செய்வதற்குக் காரணம் இந்த வாளி வடிவம்தான்.

அடிப்பகுதி முழுவதும் தட்டையான மூடியால் மூடப்பட்டு, அது பம்பரின் கீழ் விளிம்பு வரை போய்ச் சேர்கிறதா? அப்படியானால் உங்கள் காரில் காற்று உள்ளே புகவே வழியில்லை. ரம்பத்தை எடுத்த இடத்தில் வைத்துவிடலாம். சில கார்களில் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொழிற்சாலையிலேயே திறப்புகள் இருக்கும். போர்ஷே 911 டர்போவில் அவை, எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலரைக் குளிர்வித்த சூடான காற்று வெளியேறும் வழிகள். அலங்காரம் என்று நினைத்து அவற்றை அடைத்துவிட வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயங்களை இப்போதே முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் போட்டிப் பிரிவின் விதிமுறையைப் படியுங்கள். பம்பரை வெட்டினாலே மேல் பிரிவுக்குத் தள்ளும் விதிகள் உண்டு. அடுத்து, பழைய பம்பர் ஒன்றைத் தேடி வாங்குங்கள். கீறலும் நிறம் மங்கலும் இருந்தால் நல்லது, விலை குறையும். அதை வெட்டுங்கள். காரோடு வந்தது அப்படியே பத்திரமாக இருக்கட்டும். அதே காரைச் சாலையிலும் ஓட்டுபவர் என்றால் இது கட்டாயம். நம்பர் பிளேட், விளக்கு, பிரதிபலிப்பான் ஆகியவற்றின் இடத்துக்கும் கூரான விளிம்புகளுக்கும் சாலைச் சட்டங்களில் கட்டுப்பாடு இருக்கும்.

கழற்றுதல்

சைலன்சர் முழுவதும் ஆறிய பிறகு தொடங்குங்கள். பார்க்கிங் சென்சார் அல்லது பின்பக்க ரேடார் உள்ள காரானால் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பம்பரைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நான்கு இடங்களில் இருக்கும்: சக்கர வளைவின் உள்ளே, கீழ் விளிம்பில், டிக்கியைத் திறந்தால் தெரியும் மேல் விளிம்பில், டெயில் லாம்புகளுக்குப் பின்னால். பிளாஸ்டிக் கிளிப்புகளில் நடுவில் உள்ள ஊசியை முதலில் மேலே எழுப்பிவிட்டுப் பிறகு முழுக் கிளிப்பையும் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் தலை மட்டும் கையோடு வந்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பம்பர் அசையாது. பக்கவாட்டு முனைகளில் கொக்கிகள் பிடித்திருக்கும். சக்கர வளைவுக்குப் பக்கத்தில் பிடித்து வெளிப்புறமாக இழுங்கள், பின்புறமாக இழுக்காதீர்கள். மறுபக்கம் பிடிக்க இன்னொருவர் வேண்டும். ஓடு விலகியதும் உள்ளே கை விட்டு நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் ஒயரின் கனெக்டரைப் பிரித்த பிறகே முழுவதும் எடுங்கள். கிளிப்புகளையும் போல்ட்டுகளையும் எந்த இடத்தில் இருந்து எடுத்தீர்களோ அந்த இடத்தின் பெயரை எழுதிய உறைகளில் போட்டு வையுங்கள்.

ஓடு விலகியதும் ஒரு நுரைக் கட்டையும் அதற்குப் பின்னால் இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த ஒரு விட்டமும் தெரியும். எடை குறைக்க அந்த விட்டத்தைக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பின்னால் வருபவர் பிரேக் பிடிக்கத் தவறினால் உங்களுக்கும் அவருக்கும் நடுவே இருப்பது அதுதான். முழுப் பாதுகாப்புக் கூண்டு கட்டிய பந்தயக் காரின் கதை வேறு, அது இந்தப் பதிவைப் படிப்பவரின் கார் அல்ல.

அழுக்கு காட்டும் வழி

கழற்றிய பம்பரை உடனே கழுவிவிடாதீர்கள். தடத்தில் ஓடிய காராக இருந்தால் அதன் உட்புறத்தில் டயர் ரப்பர் துணுக்குகளும் பொடிக்கல்லும் மண்ணும் சில இடங்களில் மட்டும் குவிந்திருக்கும். காற்று வேகம் இழந்து தேங்கும் இடத்தில்தான் அது சுமந்து வந்ததை இறக்கி வைக்கிறது. கீழ் விளிம்பின் உள்வளைவிலும், சக்கரத்துக்கு நேர் பின்னால் உள்ள இரு மூலைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சுழலும் சக்கரம் வளைவுக்குள் அடைக்கும் காற்று, அங்கிருக்கும் இடைவெளி வழியாகப் பம்பரின் மூலைக்கு வந்துவிடுகிறது. இந்தக் குவியல்களைப் புகைப்படம் எடுத்து, மார்க்கரால் வட்டமிட்டு வைத்துக்கொண்டு பிறகு கழுவுங்கள்.

கழுவியதும் உட்புறத்தில் அச்சிட்ட எழுத்துகளைத் தேடுங்கள். 'பிபி' என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன், பெரும்பாலும் இதுதான். சூட்டில் உருகும் வகை. சாதாரணப் பசையும் பெயின்டும் இதில் எளிதில் ஒட்டாது. 'பியுஆர்' என்றால் பாலியூரித்தேன், ரப்பர் போல வளையும். கண்ணாடி நாரிலோ கார்பன் நாரிலோ செய்த பம்பரானால் நுண்தூசுக்கான முகமூடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். அந்தத் தூசு தோலில் பட்டால் அரிக்கும், நுரையீரலுக்குள் போகவே கூடாது.

அளவெடுத்து வெட்டுதல்

இரண்டு வழிகள் உண்டு. கீழ் விளிம்பை ஒரே கோட்டில் முழுவதும் வெட்டி உயர்த்திவிடுவது எளிய வழி. காற்றுக்கு நல்ல திறப்பு கிடைக்கும். ஆனால் கீழே மடிந்திருந்த விளிம்புதான் ஓட்டுக்கு விறைப்பைக் கொடுத்தது. அது போனதும் வேகத்தில் பம்பர் படபடவென்று அடித்துக்கொள்ளும், உடலோடு இணைக்கும் தாங்குகம்பிகள் தேவைப்படும். முதன்முறை செய்பவருக்கு நான் சொல்வது இரண்டாவது வழி: விளிம்பை விட்டுவிட்டு, அழுக்குக் குவிந்த இடங்களில் மட்டும் திறப்புகள்.

அட்டையில் திறப்பின் வடிவத்தை வெட்டுங்கள். ஒரு பக்கம் வைத்து வரைந்து, அதே அட்டையைத் திருப்பி மறுபக்கம் வரைந்தால் இரண்டும் ஒத்திருக்கும். போல்ட், கிளிப் துளைகளில் இருந்து குறைந்தது 50 மி.மீ. விலகியிருங்கள். முதல் திறப்பு நீங்கள் நினைத்ததில் பாதி அளவு இருக்கட்டும். பெரிதாக்குவது பத்து நிமிட வேலை. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இனி மூலைகள். என் முதல் பம்பரில் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று செங்கோண மூலைகளாக வெட்டினேன். காரைத் தடத்தில் ஓட்டிய இரண்டாவது நாளிலேயே ஒரு மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல். மாலைக்குள் அது விளிம்பு வரை ஓடிவிட்டது. அதிர்வின் அழுத்தம் முழுவதும் கூரான மூலையில் போய்ச் சேரும் என்பதை ஒரு பம்பர் விலைக்குக் கற்றுக்கொண்டேன். ஆகவே ஒவ்வொரு மூலையிலும் முதலில் 25 மி.மீ. வட்டத்துளை போடுங்கள். பிறகு துளைகளை நேர்கோடுகளால் இணைத்து வெட்டினால் மூலை தானாகவே வளைந்து வரும்.

வெட்டும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் வரைந்தால் பெயின்ட் பெயராது. ஓட்டின் தடிமன் பெரும்பாலும் 3 மி.மீ. அளவுதான் என்பதால் ஜிக்சா ரம்பத்தில் நெருக்கமான பல் கொண்ட பிளேடு போதும். வேகத்தைக் குறைத்து வையுங்கள். வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடமே பின்னால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பம்பரை ஒரு போர்வையின் மேல் கிடத்தி, வெட்டும் இடத்துக்கு இரு புறமும் மரக்கட்டையால் முட்டுக் கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறக்க வேண்டாம்.

பிறகு அரத்தால் பிசிர் நீக்கி, 120, அடுத்து 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, விளிம்பில் ரப்பர் பட்டையை மாட்டுங்கள். திறப்பை வலையால் மூடுவது பலருக்கும் பிடிக்கும். கண் நெருக்கமான வலை நீங்கள் திறந்த வழியையே பாதி அடைத்துவிடும். வேண்டுமென்றால் அகலக் கண் உள்ள அலுமினிய வலையை, பின்புறம் வாஷர் வைத்து ரிவெட் அடியுங்கள். டிஃப்யூசர் என்பது காரின் அடியில் ஓடும் காற்றைப் பின்புறம் சீராக விரித்து வெளியேற்றும் அமைப்பு. அதைப் போலத் தெரிய பம்பரில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பிளாஸ்டிக் துடுப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். அவற்றுக்கு முன்புறம் காரின் அடியில் தட்டையான அடித்தளம் இல்லாவிட்டால் அவை புகைப்படத்துக்கு மட்டுமே உதவும். உண்மையிலேயே வேலை செய்யும் டிஃப்யூசர் கீழ்நோக்கி இழுக்கும் என்பதால் அதைக் காரின் உடலில்தான் பொருத்த வேண்டும், ஓட்டில் அல்ல.

மாட்டும்போது

சைலன்சர் குழாயைக் கையால் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் குலுங்கும்போது அதுவும் அப்படித்தான் ஆடும். ஆடிய நிலையிலும் பிளாஸ்டிக்குக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். அந்தப் பகுதியின் உட்புறத்தில் வெப்பத்தைத் திருப்பியடிக்கும் அலுமினிய டேப் ஒட்டுங்கள். பாலிப்ரொப்பிலீன் உருகுவது 160 டிகிரி செல்சியஸ் அளவில் என்றாலும் அதற்கு வெகு முன்பே தளர்ந்து தொங்கத் தொடங்கிவிடும்.

இழுவைக் கொக்கியின் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சரளைக் கல்லில் சிக்கிய காரை இழுக்க வருபவர் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. தடத்துக்குப் போகும் முன் கொக்கியை முழுவதும் திருகி மாட்டிவிட்டு, பளிச்சென்ற நிறத்தில் ஒரு அம்புக்குறி ஒட்டுங்கள். எல்லா போல்ட்டுகளையும் இறுக்கியதும் தலையிலிருந்து தகடு வரை பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று குனிந்த மாத்திரத்தில் தெரியும்.

தடத்தில் சோதனை

திறப்புகளைச் சுற்றியும் கீழ் விளிம்பிலும் விரல் நீளக் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டுங்கள். மிதமான வேகத்தில் இரண்டு சுற்று போய்விட்டு உள்ளே வந்து கிளிப்புகளையும் சைலன்சர் பக்கத்துச் சூட்டையும் தொட்டுப் பாருங்கள். பிறகு முழு வேகத்தில் போகும்போது, ஏற்பாட்டாளர்களின் அனுமதியோடு, பின்னால் வரும் நண்பரின் காரில் பொருத்திய கேமரா படம் பிடிக்கட்டும். திறப்பில் இருந்து நூல் பின்னோக்கி நேராக நீட்டிக்கொண்டிருந்தால் காற்று வெளியேறுகிறது. சுழன்று குழம்பினால் அங்கே இன்னும் தேங்குகிறது. நூல் உள்நோக்கி வளைந்தால் தவறான இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். அந்தத் திறப்பை ஒரு தகட்டால் மூடிவிடலாம்.

சுற்று நேரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டுபவரின் ஒரு சிறு தவறே இந்த வேலையின் முழுப் பலனையும் மறைத்துவிடும். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் எட்டிய வேகத்தைப் பல சுற்றுகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள், காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையும் சேர்த்து. நூல் இன்னும் குழம்பும் மூலை இருந்தால் வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையை எடுத்து, அந்தப் பக்கம் மட்டும் 10 மி.மீ. தள்ளி மறுபடி வரையுங்கள்.